துவக்கில்லாத ரவை அண்ணை

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும், துவக்கு என்கிற துப்பாக்கியே இல்லாமல் துவக்குக்காரர் என்று பேர் வாங்கிய மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் வட்டுக்கோட்டையில் எங்கள் ஒழுங்கையில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தார். ஊருக்கு அவர் ரவை அண்ணை.

கனடாவில் பஸ் ஓட்டியவர். அங்கே குறி பார்த்துச் சுடுகிற சங்கம் ஒன்றில் உறுப்பினர். கடையில் விற்கிற ரவை, அதாவது துவக்குத் தோட்டா, அவருடைய துவக்குக்குச் சரிவராதாம். வெறும் பித்தளைக் கோது வாங்கி, வெடிமருந்தை நகைத் தராசில் நிறுத்துப் போட்டு, முனையில் ஈயச் சன்னத்தைப் பொருத்தித் தன் கையாலேயே செய்துகொள்வார். அது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தாழும், காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்றெல்லாம் மடிக்கணினியில் ஒரு மென்பொருள் சொல்லிவிடும். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது துவக்கைச் சங்கத்து நண்பரிடம் விட்டுவிட்டு, தராசையும் கணினியையும் மட்டும் கொண்டு வந்தார். மனைவி முன்னமே காலமாகிவிட்டார். மகள் அங்கேயே தங்கிவிட்டாள்.

வந்த முதல் ஞாயிறே தேவாலய வாசலில், "கனடாவிலை நான் சொந்தமா ரவை செய்தனான்" என்று சொன்னதுதான் பிழை.

மாதர் சங்கத் தலைவி பூமணி அக்கா விட்டாரா? "அண்ணை, நீங்கள் ரவைக் கொம்பனி வைச்சிருந்தனீங்களாமே! அறுவடை விருந்துக்கு நீங்கள்தான் கேசரி கிண்டவேணும்."

அவரும் தலையை ஆட்டிவிட்டார். நகைத் தராசோடு வந்து ரவையையும் சீனியையும் கரண்டி கரண்டியாக நிறுத்தார். விருந்து முடிந்து, பாத்திரங்கள் கழுவி, போதகரும் வீட்டுக்குப் போன பிறகு கேசரி தயாரானது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான கேசரி. பேரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

பின்னேரங்களில் கனடா நண்பர் தொலைபேசியில் வருவார். அவர் அங்கே சுட்டுப் பார்த்து வேகத்தைச் சொல்ல, இவர் இங்கே விறாந்தையில் இருந்து கணினியைத் தட்டி யோசனை சொல்வார். காது கொஞ்சம் மந்தம். ஆகையால் அண்ணை கதைத்தால் சந்திவரை கேட்கும்.

"உந்த ரவைக்கு மருந்து கூடிப்போச்சு! குறை! இல்லாட்டி வெடி மேலாலை போகும்!"

எங்கள் ஊரில் இப்படியொரு வசனத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா போக யாருக்கு மனம் வரும்? மறுநாள் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. நானும் சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடினேன்.

"துவக்கு எங்கே?" என்றார் சார்ஜன்ட்.

"கனடாவிலை."

"ரவை?"

"அதுவும் கனடாவிலை."

"வெடிமருந்து?"

"எல்லாம் கனடாவிலை, ஐயா."

"அப்ப இங்கே என்னதான் இருக்கு?"

"கணக்கு," என்றார் ரவை அண்ணை.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கிளி கலைக்க அவர் வைத்திருந்த உண்டிவில், எங்கள் பேச்சில் கெற்றப்போல், ஒன்றுதான் ஆயுதம் என்று அகப்பட்டது. சார்ஜன்ட் அதன் றப்பரை இழுத்துப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு திருப்பிக் கொடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு சனம் அவரைக் கண்டால் சிரிக்கும். அவரும் கூடவே சிரிப்பார். ஆனால், நண்பரோடு கதைக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை, வாசிகசாலைக்குப் பின்னால் நிற்கிற உயரமான தண்ணீர்த் தாங்கியைக் கழுவ யோகன் ஏறினான். பைப் வேலைக்காரன், மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவன் உச்சியில் காலை வைத்ததுதான் தாமதம், துருப்பிடித்த இரும்பேணி கழன்று நிலத்தில் விழுந்தது. உச்சி வெயில். கழுவுவதற்காகத் தாங்கியை வெறுமையாக்கியிருந்ததால் மேலே குடிக்கவும் சொட்டுத் தண்ணீர் இல்லை. தீயணைப்பு வண்டி வேறெங்கோ போயிருந்தது. கயிறு எறிந்து பார்த்தோம். பாதி உயரமும் போகவில்லை.

"தலை சுத்துது," என்றான் யோகன். அவனுடைய மனைவி கைக்குழந்தையோடு அண்ணாந்துகொண்டு நின்றாள்.

"ரவை அண்ணையைக் கூப்பிடுங்கோ!" என்று கத்தியவர் பூமணி அக்காதான்.

கணினி, தராசு, கெற்றப்போல் சகிதம் வந்தார். மீன்பிடிக்கிற தங்கூசி நூலை ஈயக்குண்டில் கட்டி, யோகனின் தலைக்கு மேலாக அடிப்பது யோசனை. நூல் அவன் கைக்கு எட்டினால் பிறகு கயிற்றை இழுத்துவிடலாம். ஆனால் குண்டு கொஞ்சம் தாழ்ந்தால் அவன் மண்டை உடையும்.

கணினியைத் திறந்தவர் திகைத்தார். "உது இன்னும் கனடாவெண்டு நினைச்சுக்கொண்டிருக்குது. பனி கொட்டுதாம்!"

"அண்ணை, அங்கை அவன் வேகுறான்!" என்றேன்.

கணினியில் வெப்பநிலையை எங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றினார். முதலில் வெறும் வயலில் ஒரு பனையைக் குறி வைத்து அடித்துப் பார்த்தார். குண்டு பாதி வழியில் பொத்தென்று விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ரவைக்கு வால் இல்லை. இதுக்கு நூல் வால் இருக்கு. பின்னுக்கு இழுக்குது," என்றார் தனக்குத்தானே. வேறு குண்டைத் தராசில் நிறுத்தார். அடித்தார், கணக்கைத் திருத்தினார், திரும்ப அடித்தார். சனம் பொறுமையிழந்து கத்தியது. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கடைசியில் தாங்கிக்குக் கீழே வந்து நின்றார். "யோகன், குனிஞ்சு படு தம்பி!"

றப்பர் விட்ட சத்தம் மட்டும் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். தாங்கிக்கு மேலே நூல் ஒரு வெள்ளிக் கோடாக மின்னி, மெல்ல இறங்கி, யோகனின் முதுகில் படிந்தது.

முதலில் ஒரு போத்தல் தண்ணீர் மேலே போனது. பிறகு கயிறு. பிறகு அராலிப் பக்கத்து மீனவர்கள் கொண்டுவந்த நூலேணி. யோகன் இறங்கியதும்தான் அவன் மனைவி வாய்விட்டு அழுதாள்.

ரவை அண்ணையைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் வாசிகசாலைச் சுவரோரம் குந்தியிருந்தார். கெற்றப்போலின் றப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணை?"

"இவ்வளவு காலமும் கடதாசிக்குத்தான் சுட்டனான். கடதாசிக்குப் பெண்சாதி பிள்ளையள் இல்லை," என்றார்.

இப்போது அவர் மகளின் பிரசவத்துக்காகக் கனடா போயிருக்கிறார். அவர் வீட்டு முற்றத்தை யோகன் கூட்டிவிட்டுப் போகிறான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. நேற்று நான் படலையடியில் நின்று பார்ப்பதைக் கண்டதும் இன்னொரு விளக்குமாற்றை என் கையில் தந்தான். நானும் வாங்கிக் கூட்டினேன். திரும்பி வருகிற மனிதர் சருகிலே கால் வைக்கக்கூடாது அல்லவா?