எழுப்பினால் எழாத ஹார்ட் டிஸ்க்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே உன் அக்கா நலம். நான் நலமாக இல்லை. நீ நலமாக இருப்பதாகக் கேள்வி. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

"வைரஸ் வராது, வேகமா ஓடும், என்னை நம்புங்க மாமா" என்று சொல்லி என் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸை ஏற்றிவிட்டுப் போனாய். வேகமாக ஓடியது நீ மட்டும்தான். இருபத்திரண்டு வருடப் படங்கள் அத்தனையும் இருக்கிற வெளி ஹார்ட் டிஸ்க், ஒரு மாதமாக, பத்து நிமிடம் சும்மா விட்டால் தூங்கிவிடுகிறது. தூங்கட்டும், மனுஷனே தூங்குகிறான். ஃபோல்டரைத் திறந்தால் எழ வேண்டாமா? உள்ளே 'கிர்ர்' என்று ஒரு முனகல், அப்புறம் திரை உறைந்து மவுஸ்கூட அசையாது. உனக்குப் போன் போட்டேன். "கறுப்புத் திரையைத் திறந்து நான் சொல்ற வரியை அடிங்க மாமா" என்றாய். அடித்தேன். 'உனக்கு அனுமதி இல்லை' என்றது கம்ப்யூட்டர். என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அனுமதி இல்லையாம்! "முன்னாடி சூடோன்னு ஒரு வார்த்தை போடுங்க, அப்பதான் உங்களை முதலாளின்னு ஒத்துக்கும்" என்றாய். போட்டேன். ஏதோ முணுமுணுத்தது. "இனிமே தூங்காது" என்றாய். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் பழைய குருடி கதவைத் திறடி. அன்றிலிருந்து உன் அக்கா, காரணம் கேட்காமல், நான் சொன்னபடி எட்டு நிமிடத்துக்கு ஒரு படத்தைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பெற்றபோதுகூட அவள் இவ்வளவு காவல் காக்கவில்லை.

நேற்று அவள் கடைக்கு வரவில்லை. போன மாதம் தவறிப்போன பஸ் டிரைவரின் மனைவி வந்தார். லைசென்ஸுக்காக நான் எடுத்ததுதான் அந்த டிரைவரின் கடைசிப் படம். அதைப் பெரிதாக்கித் தரவேண்டும். ஃபோல்டரைத் தட்டினேன். உறைந்தது. அந்தம்மா கால் மணி நேரம் திரையையே பார்த்துவிட்டு, "படம் போயிடுச்சாய்யா?" என்றார். கேபிளைப் பிடுங்கிச் செருகி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, ஒருவழியாகப் படம் வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்ததும் அந்தம்மா சிரித்துவிட்டார். "இவரும் இப்படித்தான், எழுப்பினா லேசுல எந்திரிக்க மாட்டாரு." சிரித்தபடியே அழுதார். எனக்கு உன்மேல் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. படம் வராமலே போயிருந்தால் என்ன செய்வேன்? உன் மூஞ்சிக்கு ஃபிரேம் போட்டுக் கொடுப்பேனா? ஞாயிற்றுக்கிழமை வந்து உன் லினக்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு போ. உன் கல்யாணப் படங்களும் இதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன, ஞாபகம் வைத்துக்கொள்.

உனக்கு நல்ல புத்தியும் உன்னைக் கட்டியவளுக்குப் பொறுமையும் வாய்க்க ஆசீர்வதிக்கும்,
உன் அக்கா புருஷன்

பி.கு.: உறையில் போடும் முன் உன் அக்கா வாங்கிப் படித்தாள். "கரெக்டா பத்து நிமிஷமா?" என்று நிமிர்ந்தவள் கம்ப்யூட்டரில் டிஸ்க் செட்டிங்ஸைத் திறந்தாள். பத்து நிமிடத்தில் தூங்கவை என்று அங்கே போட்டிருந்தது. "டிஸ்க் இரைச்சல் தாங்கலைன்னு நீங்கதானே போன மாசம் இதுல எதையோ இழுத்து வச்சீங்க?" என்றாள். நான்தான். அதை எடுத்துவிட்டாள், காலையிலிருந்து டிஸ்க் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "ஒரு எழுத்து மாத்தாம அனுப்புங்க, தப்பு யாரு மேலன்னு என் தம்பிக்குத் தெரியட்டும்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. எதையும் கழற்ற வேண்டாம்.