ஏழிலிருந்து தொடங்கிய மேட்

கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டி சேத்தியாத்தோப்பு ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த பச்சை ரப்பர் பட்டை எட்டு வைக்கும்போதெல்லாம் காதில் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் இஞ்ச் மாஸ்டரை ஒரு தடவை திட்டினேன். நான் வேலை பார்த்த ஊர்களை வரிசையாகச் சொன்னால் பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி இருக்கும். அத்தனை ஊர் முதலாளிகளையும் ஒரு தட்டில் ஏற்றி, விருத்தாசலம் இஞ்ச் மாஸ்டரை மறு தட்டில் உட்கார வைத்தால், முட்டாள்தனத்தின் எடையில் இவர் தட்டு தரையில் போய் நிற்கும்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்தது சூளை அணைந்ததால். செராமிக் கம்பெனி ஒன்றில் பீங்கான் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சூளையை நிறுத்தினார்கள், எங்களையும் நிறுத்தினார்கள். அதே தெருக் கோடியில் இருந்தது மாஸ்டர் கடை. தையல் கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளை வாங்கி, ஒரே அளவாக வெட்டி, சேர்த்துத் தைத்து, கட்பீஸ் போர்வை ஆக்குவார். வேலை கேட்டேன்.

"கையை நீட்டு" என்றார். டேப்பை வைத்தார். "இருபத்தெட்டு இஞ்ச். துணி வெட்டுற மேட்டுக்குக் குறுக்கால எட்டும். நாளைக்கு வா."

பெயரைக் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவே இல்லை. அன்றிலிருந்து நான் 'டேய் இருபத்தெட்டு'.

எதைப் பார்த்தாலும் அளக்கும் வியாதி அவருக்கு. டீக்கடையில் வடை வாங்கினால் கடிப்பதற்கு முன் டேப் வெளியே வரும். "நேத்தைக்கு இன்னிக்குக் கால் இஞ்ச் கம்மியா இருக்குது" என்பார். டீக்கடைக்காரர் ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அந்த டேப்பக் குடுங்க மாஸ்டர். மாவுல முக்கிப் போட்டுத் தரேன். அளவு கொறையாம தின்னுட்டுப் போங்க."

ஆனால் அவருடைய உயிர் அந்த மேட். அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், பச்சை ரப்பர். மேலே இஞ்ச் இஞ்சாகக் கட்டம் போட்டு, இடது ஓரத்தில் பூஜ்யத்தில் தொடங்கி எண் அச்சிட்டிருக்கும். துணியை அதன்மேல் விரித்து சக்கரக் கத்தியை உருட்டினால் துணி வெட்டுப்படும். மேட்டில் விழுந்த கீறல் தானாக மூடிக்கொள்ளும். அதற்கு ஆகாத ஒரே விஷயம் சூடு. சூடு பட்டால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். சுற்றிலும் சூளை எரிகிற ஊரில், இதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கடையில் இருந்த ஒரே ஃபேன் மேட்டைப் பார்த்துத்தான் சுற்றும். தைக்கிற செல்வி அக்காவும் நானும் வியர்வையில் ஊறிக் கிடப்போம். ராத்திரி மேட்டைத் தரையில் போட்டு, அதன்மேல் மெத்தையைப் போட்டு, மாஸ்டர் மல்லாந்து படுப்பார். புரளமாட்டார். புரண்டால் ஒரு பக்கமாகப் பளு ஏறி மேட் கோணிவிடுமாம். ஒருநாள் செல்வி அக்கா தெரியாமல் டீ கிளாஸை அதன்மேல் வைத்துவிட்டார். மாஸ்டர் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், இது மேட்டா, மாப்ளையா?" என்றார் அக்கா.

"மாப்ள கோணினா பஞ்சாயத்து வச்சு நிமித்திடலாம். இது கோணினா போச்சு."

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது பாண்டிச்சேரியிலிருந்து ஒரு விடுதிக்கார அம்மா போன் செய்தார். நம் போர்வை ஒன்றை எங்கோ பார்த்தாராம். நேரில் வந்து, விருந்தினர்கள் முன்னால் வெட்டித் தைத்துக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் எல்லா அறைக்கும் நம் போர்வைதான். மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு உடைத்துச் சொன்னார். "இது அமைஞ்சா கடை நிக்கும். இல்லைன்னா நீங்க ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்குங்க."

மேட்டை எப்படிக் கொண்டுபோவது? ஒத்திகை பார்க்க நல்லூர் பஸ்ஸில் ஏறினோம்.

"கதவ எதுக்குங்க தூக்கிட்டு வரீங்க, வூடு மாத்துறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"கதவு இல்ல, மேட்டு."

"படுக்கிறதா?"

"வெட்டுறது."

"வெட்டுற சாமானெல்லாம் பஸ்ஸுல ஏத்தக்கூடாது. சுருட்டியாவது வைங்க."

"உங்க டிக்கெட் மிஷினச் சுருட்டுவீங்களா?"

அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டார்கள். உச்சி வெயில். மாஸ்டர் சட்டையைக் கழற்றி மேட்டுக்குப் போர்த்தினார். வெற்று முதுகோடு முன்னால் நடந்தார்.

"மாஸ்டர், முதுகு வெந்துடும்."

"நான் வளைய மாட்டேன்டா. இது வளைஞ்சுடும்."

பஜாரில் இருந்த ஜிப் பைகளையெல்லாம் அளந்து பார்த்தார். இருப்பதிலேயே பெரிய பைக்கும் மேட் ஏழு இஞ்ச் அதிகம். வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று. நல்ல நாள் பார்த்தார். செல்வி அக்கா கற்பூரம் ஏற்றினார். "சூடு! சூடு!" என்று அலறி ஊதி அணைத்தார் மாஸ்டர்.

எத்தனை கீறினாலும் மூடிக்கொள்கிற சாமான் அல்லவா? சுலபத்தில் துண்டாகவில்லை. இரும்பு ஸ்கேலை வைத்து நானும் அவரும் மாறி மாறிக் கத்தியை இழுத்தோம். காலையில் தொடங்கியது, மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் துண்டு பிரிந்தது. திருப்பிப் போட்டார். இடது ஓரத்தில் பூஜ்யத்தை விரலால் தேடினார்.

ஸ்கேல் உரசி எண்கள் அழிந்துவிடுமே என்று, மேட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்து வெட்டியிருந்தார். கவிழ்த்தால் வலது இடதாகும் என்பது எட்டாவதோடு நின்ற எனக்கே தெரியும். கடைசி ஏழு இஞ்சுக்குப் பதிலாக முதல் ஏழு இஞ்ச் போய்விட்டது. மேட் இப்போது ஏழிலிருந்து தொடங்கியது.

"ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார். "எந்த அளவு வேணுமோ அதோட ஏழக் கூட்டிக்கிட்டா சரி. நான் மறந்துட்டா நீ காதுல 'ஏழு'ன்னு சொல்லு."

பாண்டிச்சேரியில் அந்த அம்மா நல்ல கைத்தறித் துணி எடுத்து வைத்திருந்தார். சுற்றிலும் விருந்தினர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் தலையை வாரிக்கொண்டு, துணியைப் பல மடிப்பாக மடித்து விரித்து, இருபத்துநாலு இஞ்ச் துண்டுக்கு இருபத்துநாலாம் கோட்டிலேயே ஸ்கேலை வைத்தார்.

"ஏழு" என்றேன்.

"தெரியும்."

ஸ்கேல் நகரவில்லை. "மாஸ்டர், ஏழு."

திரும்பிப் பார்த்தார். "நாலு பேரு பாக்குற எடத்துல எனக்கே அளவு சொல்றியா? ஓரமாப் போய் நில்லுடா, இருபத்தெட்டு."

ஓரமாகப் போய் நின்றேன். சக்கரக் கத்தியைச் சர்ரென்று உருட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். மொத்தத் துணியையும் அதே கோட்டில் வெட்டித் தள்ளினார். சாயங்காலம் செல்வி அக்கா தைத்து முடித்த போர்வையைக் கட்டிலில் விரித்தோம். கட்டிலின் கால்பக்கம் வெறும் மெத்தை தெரிந்தது.

"கொழந்தைக்குத் தைச்சிருக்கீங்களா?" என்றார் அந்த அம்மா.

மாஸ்டர் போர்வையைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். "தொவைச்சா நீளும்மா" என்றார். செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மா நல்லவர். சாப்பாடு போட்டு அனுப்பினார். ஆர்டர் போடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நெய்வேலி வரைக்கும் மாஸ்டர் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அப்புறம் சொன்னார்: "ஏழுன்னு கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்டா நீ."

மறுநாள் செல்வி அக்கா தன் மிஷினை வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார், அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைக்க. நான் பையை எடுத்துக்கொண்டேன். தெருமுனையில் பின்னாலேயே செருப்புச் சத்தம்.

"டேய் இருபத்தெட்டு, நில்லு!" வெட்டி எறிந்த அந்த ஏழு இஞ்ச் பட்டை அவர் கையில் இருந்தது. "இது பூஜ்யத்துலேருந்து இருக்குது. கூட்ட வேணாம், கழிக்க வேணாம். நீயாவது நேரா அளந்து பொழைச்சுக்க."

"எனக்கு எதுக்கு மாஸ்டர் இது?"

"வெயில்ல மட்டும் வைக்காத" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஃபேனை நிறுத்தாமல் ஓடி வந்திருப்பார்; மேட்டுக்காக ஓடுகிற ஃபேனை அவர் எப்போது நிறுத்தினார்?

பட்டை காதில் இடிக்க இடிக்க நடந்தே போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் டைல்ஸ் ஒட்டும் வேலை கிடைத்தது. மேஸ்திரிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுக்க வேண்டும். முட்டிக்கு அடியில் போட அந்தப் பட்டை வசதியாக இருந்தது. உள்கூடம் முடிந்து வாசல் வேலைக்கு வந்தோம். வெயில் ஏறியது. பட்டையைச் சுவரோரமாகச் சாய்த்தேன். அங்கேயும் வெயில் வந்தது. சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்திவிட்டு, வெறும் தரையில் மண்டிபோட்டேன்.

"யோவ், சட்டையப் போட்டுக்கய்யா, முதுகு வெந்துடும்" என்றார் மேஸ்திரி.

"நான் வளைய மாட்டேங்க" என்றேன். "அது வளைஞ்சுடும்."