டவுட்டு நைனாவும் கடைசி சீட்டுக் காற்றும்

சூரியன் கிழக்கில்தான் உதிக்கிறது என்று கேள்விப்பட்டு, பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நேரில் போய்ப் பார்த்து, அப்புறமும் முழுசாக நம்பாத ஒரே மனிதர் எங்கள் வேன் டிரைவர்தான். எல்லோரையும் ‘நைனா’ என்று கூப்பிடுவார். எல்லோர் மேலும் டவுட்டும் படுவார். ஆகவே டவுட்டு நைனா. சொந்தப் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டேன். “இன்னாத்துக்குக் கேக்குற?” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

மயிலாப்பூர், சாந்தோம் பக்கத்து ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிவாக்கத்தில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவது அவர் வேலை. வேன் அவருடைய சொந்த வேன். நான் தமிழாசிரியன், முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்காருவேன். அதனால் உலகத்தின் மேல் அவருக்கு இருந்த எல்லாச் சந்தேகங்களும் முதலில் என் காதுக்குத்தான் வரும்.

அடையாறு சிக்னல் தன் வேனைப் பார்த்த பிறகுதான் சிவப்பாகிறது என்பது அவருடைய உறுதியான கருத்து. செல்போனில் வழி சொல்லும் பெண்குரல் ஒருநாள் கோட்டூர்புரம் வழியாகப் போகச் சொன்னது. வண்டியை ஓரங்கட்டி, போனைக் கையால் பொத்திக்கொண்டு, “இந்தம்மா யாரு ஆளு நைனா?” என்று கேட்டார். என் பிறந்தநாளுக்கு லட்டு கொடுத்தேன். “நீ ஒரு வாய் துன்னு” என்றார். தின்றேன். “இன்னொரு வாய்” என்றார். கடைசியில் முழு லட்டையும் நான்தான் தின்றேன். “நல்லா கீதா?” என்று விசாரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இப்படிப்பட்டவருடைய வேனில், ஏப்ரல் வெயிலில், பின்பக்க ஏசிக் காற்று நின்றுபோனது.

முன்னால் எங்களுக்கு ஜில்லென்று வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒன்றுமில்லை. பின்சீட்டுக் கண்ணாடிகளோ திறக்க முடியாதவை. பாட்டு டீச்சர் ஜானகி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, “இதுல வரதுக்கு ஆத்துலயே இட்லிப் பானைக்குள்ள உக்காந்துண்டிருக்கலாம்” என்றார்.

“நேத்து வர்க்கும் நல்லா கீதே!” என்றார் நைனா. அவர் கண் கண்ணாடி வழியாகப் பின்சீட்டு முகங்களை ஒவ்வொன்றாக மேய்ந்தது. “யாரோ இன்னாமோ பண்ணிக்கிறாங்கோ.”

அவருடைய விசாரணை கணக்கு டீச்சர் ஸ்டெல்லாவிடம் போய் நின்றது. அதற்குக் காரணமும் இருந்தது. கடைசி சீட்டு ஓரம்தான் ஸ்டெல்லா டீச்சரின் இடம். அதற்குப் பக்கத்திலேயே, பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், காற்றைத் தள்ளும் மோட்டார். அந்த இடத்தில் என்னை உட்காரவைத்துப் பார்த்தார். காற்று இல்லை. ஜானகி டீச்சரை உட்காரவைத்தார். இல்லை. ஸ்டெல்லா டீச்சர் ஏறி, பையைப் போட்டு உட்கார்ந்ததும் ‘உர்ர்’ என்று காற்று கிளம்பியது.

“பாத்தியா நைனா!” என்று என் தொடையைக் கிள்ளினார். “அந்தம்மா வந்தா வர்து, எறங்குனா நிக்கிது. பையில ஏதோ வெச்சிகினு கீது.”

“என்னத்தை வெச்சிருக்கும்? ரிமோட்டா?”

“நான் சொல்லல. நீதான் சொன்ன.”

மறுநாள் காலை ஸ்டெல்லா டீச்சர் பை சோதனைக்கு வந்தது. சாப்பாட்டு டப்பா, குடை, விடைத்தாள் கட்டு, ஜெபமாலை, மாத்திரை அட்டை, தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காட்டிய டீச்சர், “இன்னும் என்னையும் பிரிச்சுப் பார்க்கணுமா அண்ணே?” என்று கேட்டார். நைனா அசரவில்லை. “பை முன்னாடியே இருக்கட்டும்” என்று வாங்கி என் மடியில் வைத்துவிட்டார். நல்ல கனம்.

அன்று பின்னால் காற்றே வரவில்லை. நைனாவுக்கு ஏகத் திருப்தி. சாயங்காலமும் பை என் மடியில்தான். திருவான்மியூரில் நெரிசல். வண்டி நகரவில்லை. மேற்கு வெயில் பின்சீட்டுக் கண்ணாடியில் அடித்தது. ஜானகி டீச்சர் திடீரென்று, “ஐயோ, ஸ்டெல்லா சாயறாளே!” என்று கத்தினார்.

நைனா நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த ஹாரன் சத்தம் எதுவும் அவர் காதில் விழவில்லை. பின்கதவைத் திறந்து, டீச்சர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். “டீச்சர்... யம்மா டீச்சர்...” என்றவர் குரல் என்னவோ போலிருந்தது. ஸ்டெல்லா டீச்சர் கண்ணைத் திறந்து, “ரத்தக்கொதிப்பு மாத்திரை பையில இருக்கு” என்றார்.

நான் பதறி இறங்கியபோது பையை முன்சீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். நைனா அதை ஓடிப்போய் எடுத்துவந்த ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். டீச்சரை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் யார் மேலும் சந்தேகப்படவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. முடிந்ததும், மீர்சாகிப்பேட்டையில் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கும் ரஹீம் பாய் கடைக்கு வேனை விட்டார். ஜானகி டீச்சர் வழியில் இறங்கிக்கொண்டார். என்னையும் ஸ்டெல்லா டீச்சரையும் மட்டும் விடவில்லை. “நீங்க ரெண்டு பேரும் சாட்சி. பாய் மோட்டார மாத்திட்டான்னா?”

“மாத்தத்தானே வந்திருக்கோம்?” என்றேன்.

“அதான் டவுட்டு.”

ரஹீம் பாய் பெரிய குரல்காரர். முதலில் ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தார். நன்றாக இருந்தது. பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற ஸ்குரூ டிரைவரை எடுத்தார். “நில்லு” என்றார் நைனா. டாஷ்போர்டில் இருந்த குங்குமத்தை எடுத்து ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஒரு பொட்டு வைத்தார். ஸ்குரூ மாறிவிடக் கூடாதாம். மூடிக்கு ஒன்று. மூடி கழன்றதும் உள்ளே மோட்டாருக்கும் ஒன்று. ஆயுதபூஜை போலவே இருந்தது. “எனக்கும் ஒண்ணு வெச்சிடு, நானும் மாறிடப் போறேன்” என்றார் பாய்.

மோட்டாருக்குப் போகும் வயரில் சோதனை பல்பைத் தொட்டார். பளிச்சென்று எரிந்தது. “கரண்ட் வருது. மோட்டார் சுத்தல. கோளாறு மோட்டார்லதான்.”

“பின்ன டீச்சர் பை வந்தா மட்டும் எப்டி சுத்துது?”

“இன்னா பை?”

ஸ்டெல்லா டீச்சர் தன் பையைத் தூக்கி, வழக்கமாகப் போடுகிற இடத்தில் தொப்பென்று போட்டார். மோட்டார் ‘உர்ர்’ என்றது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது. பாய் ஸ்பேனரால் மோட்டார் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி சுற்றியது.

“உள்ள கரண்ட் குடுக்குற கார்பன் துண்டு தேஞ்சி போச்சு நைனா. தட்டுனா ஒட்டும், அப்பால வுட்டுடும். டீச்சர் பைய வெச்சே இத்தினி நாளு ஓட்டிக்கினு இருந்திருக்க.”

நைனா டீச்சரைப் பார்க்கவில்லை. மூடியில் இருந்த பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாய் புது மோட்டாரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினார். ஸ்விட்சைப் போட்டதும் சத்தம் கம்பீரமாக வந்தது. நைனா ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக் காற்று வரும் துளைக்கு எதிரில் பிடித்தார். புகை சோம்பேறித்தனமாக ஆடியது.

“பாய், சத்தம் கீது. காத்து கம்மியா கீது.”

“புது மோட்டாரு. அப்டித்தான் இருக்கும்.”

“பழசுக்கு பாலிஷ் போட்டு வெச்சிட்டியா?”

பாய் ஸ்பேனரைக் கீழே போட்டார். “இன்னா சொன்ன? எங்க வாப்பா காலத்துக் கடை இது. எவனும் இப்டி ஒரு வார்த்தை கேட்டதில்ல. எட்து வண்டிய!”

“எடுக்க மாட்டேன். காத்து கம்மிதான். அந்தம்மா திரும்ப சாஞ்சிச்சின்னா நீ வருவியா?”

நைனா கத்தவில்லை. அதனால்தானோ என்னவோ பாயும் கொஞ்சம் நிதானித்தார். “புதுசுதான்னு உன் கண்ணாலயே பாரு” என்று மோட்டாரை வெளியே இழுத்து, வயரோடு கையில் பிடித்து ஓடவிட்டார். ஓடும் விசிறியைப் பாயே பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவர் கோபம் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

“அரே... தலகீழா சுத்துது. ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்துட்டேன்.”

நைனாவின் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சந்தேகம் பலித்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பாயின் முகத்தை உற்றுப் பார்த்தார். ஏமாற்று ஏதும் இருக்கிறதா என்று தேடியிருப்பார். ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது.

“சர்தான் வுடு பாய். எனக்குந்தான் எத்தினியோ தப்பாவுது” என்றார். அதைச் சொல்லும்போது ஸ்டெல்லா டீச்சர் பக்கம் ஒருமுறை திரும்பினார். “அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே” என்றார் டீச்சர்.

வயரை மாற்றிக் கொடுத்ததும் புகை அறுந்து பறந்தது. ஆனால் ஓடும் வண்டியில் கடைசி சீட்டுக்குக் காற்று சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டாமா? யார் சொன்னாலும் நைனா நம்ப மாட்டார். அவரேதான் கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படியானால் வண்டியை வேறு யாராவது ஓட்ட வேண்டும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு பாயிடம் நீட்டினார்.

“கொட்டிவாக்கம் வர்க்கும் போயிட்டு வா. மெதுவா.”

பாய் ஓட்டினார். நான் முன்னால், ஸ்டெல்லா டீச்சர் நடுவில். “காத்து வருதாண்ணே?” என்று டீச்சர் கேட்டார். “வர்து வர்து. இன்னும் டவுட்டாதான் கீது” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அடையாறு பாலம் தாண்டியதும் குரல் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நெற்றி முடி காற்றில் பறந்துகொண்டிருந்தது.

கொட்டிவாக்கம் வந்தது. “எழுப்பட்டா?” என்று கேட்டார் பாய்.

“தூங்கட்டும் பாய்” என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

எனக்கு வீட்டில் ஆயிரம் வேலை இருந்தது. ஆனாலும், “இன்னும் கொஞ்ச தூரம் போங்க பாய், பள்ளம் பார்த்து” என்றேன்.