ஏமாந்தவர்கள் சனிக்கிழமை வருகிறார்கள்

கடிதத்தை நான்காவது தடவையாக வாசிக்க நாகேந்திரம் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். வெள்ளவத்தையில் அவர் குடியிருந்த மாடிவீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கதவு அது ஒன்றுதான்.

அனுப்பியவர் பெயர் இல்லை. விலாசம் இல்லை. நீல மையில் உருண்டை உருண்டையாக எழுதியிருந்தது.

“மதிப்புக்குரிய நாகேந்திரம் அவர்களுக்கு, இளைஞர் நாவல் எழுதி எங்களை ஏமாற்றிவிட்டீர்கள். உங்கள் கதையில் எங்கள் வயதில் ஒருவருக்கும் பயம் வருவதில்லை. தெருவில் ஒரு சோதனைச் சாவடிகூட இல்லை. பெரியவர்கள் வாய் திறந்தால் பக்கம் பக்கமாகப் புத்திமதி. கடைசியில் எல்லோரும் டாக்டர். நாங்கள் அப்படியா இருக்கிறோம்? நீங்கள் பதில் சொல்ல வேண்டும். வருகிற சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருவோம். இப்படிக்கு, ஏமாந்தவர்கள்.”

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. பெயர் சொல்லாமல், ‘நாங்கள்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு வீடு தேடி வருபவர்கள் அந்நாளில் இரண்டு வகைதான். எந்த வகையினரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனதாக நாகேந்திரம் கேள்விப்பட்டதில்லை.

மனைவி ஜெகதீஸ்வரி கடிதத்தை வாசித்துவிட்டு, திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

“ஆர் எண்டு நினைக்கிறீங்கள்?”

“இயக்கப் பொடியள் எண்டா, நாட்டில நடக்கிறதை மறைச்சுப்போட்டன் எண்டு கோவம். பொலிஸ் எண்டா, ஏன் மறைச்சனான் எண்டு சந்தேகம்.”

“கந்தோருக்குப் போனமா வந்தமா எண்டு இருந்த மனிசனுக்கு நாவல் என்னத்துக்கு?”

கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞர் அவர். ‘கோபுரம் ஏறிய குமரேசன்’ அவருடைய முதல் நாவல். புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். குற்றச்சாட்டு முழுவதும் உண்மை. குமரேசன் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு மூன்று தரம் பஸ்ஸில் போகிறான். ஒரு தரமாவது அவனை யாரும் இறக்கி அடையாள அட்டை கேட்கவில்லை.

எழுதாமல் விட்டாரென்று சொல்ல முடியாது. முதலில் எழுதிய ஐந்தாம் அத்தியாயத்தில் பஸ் நிறுத்தப்படுகிறது. வரிசையில் நிற்கிற குமரேசனுக்கு முழங்கால் ஆடுகிறது. பெயரைக் கேட்டபோது தன் பெயரே மறந்துபோகிறது. அதை அவர் ஜெகதீஸ்வரிக்கு வாசித்துக் காட்டினார். அவள் கேட்டு முடிந்ததும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். மறுநாள் அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, நேரம் தவறாமையைப் பற்றித் தலைமையாசிரியர் ஆற்றிய உரையை ஒன்பது பக்கத்துக்கு எழுதி அந்த இடத்தை நிரப்பினார்.

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழிதான் தெரிந்தது. புத்தகமே இல்லையென்றால் குற்றமும் இல்லை. காலி வீதியில் ஹாஷிமின் புத்தகக்கடைக்குப் போனார். தட்டின் கடைசியில் தூசி படிந்து எட்டுக் குமரேசன்கள் நின்றார்கள். எட்டையும் கேட்டார்.

“எல்லாமா?” என்றார் ஹாஷிம்.

“ஓம். சொந்தக்காரருக்குக் குடுக்க.”

அன்று ராத்திரி கொஞ்சம் நித்திரை வந்தது. மறுநாள் கந்தோருக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். ஹாஷிமின் கண்ணாடி அலுமாரியில் இருபது குமரேசன்கள். மேலே ஒரு மட்டை: ‘வேகமாக விற்பனையாகிறது.’ மனிதர் தானே கொட்டாஞ்சேனைக்குப் போய் அச்சகத்திலிருந்து தூக்கி வந்திருந்தார்.

நாகேந்திரம் அடுத்த தரிப்பிலேயே இறங்கித் திரும்பி வந்து இருபதையும் வாங்கினார். அதற்கு அடுத்த நாள் கோபுரம்போல் நாற்பது அடுக்கியிருந்தது. தானே மறுபடி போனால் சந்தேகம் வருமென்று ஜெகதீஸ்வரியை அனுப்பினார். செய்தி மற்றக் கடைகளுக்கும் பரவியது. பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் குமரேசன் வாசலுக்கு வந்து நின்றான். நாகேந்திரம் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். வாங்க வாங்க வந்துகொண்டேயிருந்தது.

புதன்கிழமை அச்சக முதலாளி ஒஸ்வால்ட் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். பதினைந்து வருடத்தில் அவர் பதிப்பித்த எதுவும் இப்படி ஓடியதில்லையாம். இரண்டாம் பதிப்புக்குக் கடதாசி எடுத்துவிட்டாராம்.

நாகேந்திரம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார். “வேண்டாம். இனி ஒரு சாமானும் வெளிய போகக்கூடாது. இருக்கிறதை நானே வந்து எடுத்து வீட்டுக்குள்ள ஒளிச்சிடுறன்.”

ரிசீவரை வைத்தபோதுதான் கந்தோர் முழுவதும் காது கொடுத்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார். தட்டச்சு செய்யும் மிஸ் கையை விசைகளின் மேல் வைத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சாமான் என்று யாரோ கேட்டார்கள். புத்தகம் என்றார். அதை ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை.

வியாழன் பின்னேரம் பொலிஸ்காரர் வீட்டு ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அது வழக்கமான சோதனைதான். ஆனால் வழக்கமாக நாகேந்திரத்தின் கட்டிலுக்கு அடியில் பழைய செருப்புத்தான் இருக்கும். அன்று நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள், பத்திரிகைத் தாளில் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பொதிகளாக இருந்தன.

ஒரு பொதியைப் பிரித்த சார்ஜன்ட் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைப் பார்த்தார்.

“ஒக்கொம எகமத?”

எல்லாம் ஒன்றேதான் என்று நாகேந்திரம் தலையாட்டினார். எழுதியது தான்தான் என்பதையும் உடைந்த சிங்களத்தில் ஒப்புக்கொண்டார். ஒரு கணம் சார்ஜன்டின் முகத்தில் இரக்கம் தெரிந்தது. பிறகு அது போய்விட்டது. தான் எழுதிய புத்தகத்தை ஒரு மனிதன் தானே ஏன் ஒளித்துவைக்க வேண்டும் என்று கேட்டார். ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வாசித்துப் பார்க்கட்டும் என்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜெகதீஸ்வரி ஒரு சிறிய பையில் அவருக்குச் சாரமும் சேட்டும் சவர்க்காரமும் அடுக்கி வாசலில் வைத்தாள். இருவரும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே அன்றைய சாப்பாட்டைச் சாப்பிடாமல் விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு கான்ஸ்டபிள் வந்தான். நாகேந்திரம் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஆனால் அவன் புத்தகத்தைத் திருப்பி நீட்டினான். மொழிபெயர்ப்பாளர் தலைமையாசிரியரின் உரையில் நித்திரையாகிவிட்டாராம். எழுப்பிவிட்டபோது மறுபடி அதே பக்கத்தைத் தொடங்கி, மறுபடி நித்திரையாம். இளைஞர்களைத் தூண்டிவிடக்கூடிய ஒன்றும் இந்தப் புத்தகத்தில் இல்லை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறாராம்.

நன்றி சொல்லிக் கதவைச் சாத்திய நாகேந்திரத்துக்கு நெஞ்சில் விழுந்தது பாலா பாறையா என்று பிரித்தறிய முடியவில்லை.

சனிக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்லியும் ஜெகதீஸ்வரி போகவில்லை. தேங்காய் துருவுகிற திருவலைக்குற்றியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் உட்கார்ந்தாள். சரியாக நான்கு மணிக்குக் கதவு மூன்று தரம் தட்டப்பட்டது. நாகேந்திரம் அடையாள அட்டையைக் கையில் முன்னால் நீட்டியபடி திறந்தார்.

வெளியே மூன்று பெண் பிள்ளைகள். பதினைந்து வயதிருக்கும். டியூஷன் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். முன்னால் நின்ற, வெள்ளை முக்காடு போட்டவள் தன் பெயர் ரபீக்கா என்றாள். நாகேந்திரம் அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை.

“ஏமாந்த ஆக்கள் நீங்களோ?”

“ஓம் அங்கிள்.”

கதிரையில் உட்கார்ந்தார். இத்தனை நாள் பயத்துக்கும் சேர்த்து ஏசவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. கிழித்துப் போட்ட அத்தியாயத்தைப் பற்றி, ஆடிய முழங்காலைப் பற்றி, சாத்திய ஜன்னலைப் பற்றி எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னார். ஜெகதீஸ்வரி திருவலையை ஒதுக்கிவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“பயத்தைப் பற்றி எழுதினதைப் பயத்தில கிழிச்சுப்போட்டன் பிள்ளையள். உங்களுக்கெண்டு எழுத வெளிக்கிட்டு, உங்களையே விட்டிட்டன். நீங்கள் எழுதினது ஒவ்வொரு சொல்லும் சரி.” ரபீக்காவின் பக்கம் கோப்பையை நகர்த்தினார். “என்ர புத்தகத்தை இவ்வளவு கவனமா ஒருத்தரும் வாசிச்சதில்லை.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தலையைக் குனிந்தாள். ரபீக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் திரும்பவும் மேசையில் வைத்தாள்.

“அங்கிள், ஒஸ்வால்ட் அங்கிள்ட்ட விலாசம் எடுத்து, இளைஞர் நாவல் எழுதின பதினொரு எழுத்தாளருக்கும் பேரையும் நேரத்தையும் மட்டும் மாத்தி ஒரே கடிதத்தைத்தான் அனுப்பினம், உங்கட புத்தகத்தை நாங்க இன்னும் வாசிக்கல்ல, எந்தக் கடைக்குப் போனாலும் யாரோ எல்லாத்தையும் வாங்கிட்டுப் போறாங்களாம்.”