மோட்டாரைக் கழற்றி எடை குறைத்த கதை

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் 14, காலை மணி 10.42. தேர்வில் ஏற வேண்டிய ஏணிப் படிகள் நாற்பது; ஏறியவை பதினொன்று. நீயும் அத்தானும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நான் நலமில்லை, காரணமும் நானே.

லிஃப்ட் மெக்கானிக் சீனியர் மெக்கானிக் ஆக இரண்டே நிபந்தனை: உடல் எடை எண்பத்தாறு கிலோவைத் தாண்டக் கூடாது, இருபது கிலோ கருவிப் பையோடு லிஃப்ட் குழி ஏணியில் உச்சிவரை ஏற வேண்டும். வீட்டுத் தராசு எண்பத்தெட்டு காட்டியது. நான்கு நாள் வெறும் தண்ணீர், இரண்டு வேளையும் எட்டு மாடிப் படியில் ஓட்டம் என்று திட்டம் போட்டு உனக்குப் போன் செய்தேன். "டேய், தொப்பையை மட்டும்தான் எரிப்பேன்னு உடம்பு உனக்கு எழுதிக் குடுத்துச்சா?" என்றாய். "நீ ஊசி போடுற வேலையைப் பாருக்கா, எரிபொருள் கணக்கு எனக்குத் தெரியும்" என்றேன். தெரிந்த லட்சணத்தைக் கேள். ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரை ஒரே நாளில் காலி. அப்புறம் கொழுப்பு எரியும், அதோடு சரி என்று நினைத்தேன். எரிந்ததுதான், ஆனால் மூளை கொஞ்சமாவது சர்க்கரை கொடு என்று அடம்பிடிக்குமாம் (என் மூளைக்கு எதற்கு என்று கேட்காதே), கொழுப்பிலிருந்து அதைப் பெரிதாகச் செய்ய முடியாதாம், அதனால் தசையிலிருக்கும் புரதத்தைப் பிரித்துச் செய்யுமாம், பட்டினியோடு ஓடினால் இன்னும் அதிகமாகப் பிரிக்குமாம். போன எடையில் பாதிக்குமேல் தண்ணீர்தானாம். இதையெல்லாம் தேர்வு முடிந்த பிறகுதான் படித்தேன். லிஃப்ட் எடையைக் குறைக்கச் சொன்னால் மோட்டாரைக் கழற்றி வைக்கிறவனை நான் வேலையை விட்டே தூக்கியிருப்பேன்.

காலையில் வீட்டில் எண்பத்து நான்கு. தேர்வு அறையில் எண்பத்தொன்று! வரும் வழியில் சைக்கிள் மிதித்தே மூன்று கிலோ போய்விட்டது என்று பூரித்துப்போய்ப் பையை மாட்டினேன். பதினோராவது படியில் கண் இருட்டியது, ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கீழிருந்து தேர்வாளர், "தம்பி, ஏணி விழாதுப்பா. நீங்க பிடிச்சிக்கிட்டு நிக்க வேணாம்" என்றார். கயிறு கட்டி இறக்கினார்கள். முதலில் பையை, பிறகு என்னை.

மறுதேர்வு 28ஆம் தேதி; அதுவே கடைசி. அதிலும் கோட்டைவிட்டால் இன்னும் மூன்று வருஷம் கதவுக்கு எண்ணெய் போட வேண்டியதுதான். பட்டினி தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை குறைத்தே ஆக வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் மட்டும் குறை சொல்லாதே.

அத்தானுக்கு வணக்கம், குட்டிக்கு முத்தம்.

உன் தம்பி

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது தராசைப் பார்த்தேன். மேலே ஆளே இல்லை. முள் மூன்றில் நிற்கிறது. போன மாதம் அதற்கு ஸ்பிரிங் மாற்றியது நான்தான். ஆக, பட்டினிக்கு முன்பே நான் எண்பத்தைந்துதான், வரம்புக்குள்தான். இனி செய்யப்போவது:

1. முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புவது.
2. வேளாவேளைக்குச் சோறு, பருப்பு, முட்டை.
3. 28ஆம் தேதி நாற்பது படியும் ஏறுவது.
4. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வருவது. அத்தான் கேலி செய்வார். நான் இன்னொரு கரண்டி சோறு கேட்பேன்.