உடையாத கொக்கியின் குற்றம்

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்க்கும் ஓர் இனம் உண்டு. அழுக்கைத் தேடுகிறார்களோ என்று கூச்சப்படாதீர்கள். அது எந்த வகை பிளாஸ்டிக் என்று சொல்லும் குறியைத் தேடுகிறார்கள். பற்சக்கரம், கார் பாகம், இயந்திர மூடி என்று உழைத்து ஓய்ந்த பிளாஸ்டிக்கை உருக்கி, மறுபடி அதே வேலைக்கு அனுப்புவது எப்படி என்று ஆராய்வது இவர்கள் பிழைப்பு. நல்ல பிழைப்பு. உலகத்துக்கு அவசியமான பிழைப்பு. வீட்டுக்குள் வராதவரை.

என் அக்கா கணவர் இந்த இனத்தின் அசல் மாதிரி. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். உடைந்த பக்கெட் கைப்பிடி, சூட்கேஸ் சக்கரம், சீப்பின் பாதி எல்லாம் தேதி எழுதிய பைகளில், அவர்கள் வீட்டுத் துணி அலமாரியில் இருக்கும். துணி எங்கே இருக்கும் என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன்.

ஒருநாள் வாஷிங் மெஷின் கதவின் கொக்கி உடைந்தது. கடையில் புதிது கிடைக்கும் என்றாள் அக்கா. பழைய நைலானுக்கு உயிர் கொடுப்பவன் வீட்டில் புது நைலானா? ஆய்வுக்கூடத்தில் தானே வார்த்துத் தருவதாக வாக்குக் கொடுத்தார். அதுவரை துணியெல்லாம் பக்கெட்டில்; அக்கா பதினோரு வாரம் கையால் துவைத்தாள்.

முதல் கொக்கி மாட்டுவதற்குள்ளேயே உப்பிவிட்டது. நைலான் காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்துவிட்டதாம். இரண்டாவது சுருங்கியது. மூன்றாவது நான்கு நாள் தாங்கி, துவைக்கும் நடுவில் பிளந்தது. வீடெல்லாம் நுரை. அக்கா துடைப்பதற்குத் துணியோடு ஓடி வந்தால், அவர் பூதக்கண்ணாடியோடு முழங்காலிட்டிருக்கிறார்.

"அங்க மிதிச்சிடாத. துண்டு கிடக்கு, உடைஞ்ச இடம் அழுக்காயிடும்."

ஏழாவது கொக்கி பொருந்தியது. மூன்று வாரம் கதவு கச்சிதமாக மூடியது. மெஷின் ஓடும் சத்தத்தில் அக்கா நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படித்ததை நானே பார்த்தேன். நான்காவது வாரம் கொக்கியைக் காணோம்.

"கொக்கி எங்கங்க?"

"ஆய்வுக்கூடத்துல."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதான் பிரச்சனையே. உடையாத பொருளைப் பத்தி ஆய்வறிக்கையில நான் என்னன்னு எழுதறது?"

அங்கே ஓர் இயந்திரம் அதை இரவு பகலாகத் திறந்து மூடியது. நாற்பத்தோராயிரம் தடவைக்குப் பிறகு, அவர் ஆசைப்பட்டபடியே, உடைந்தது. இரண்டு துண்டுகளையும் பிள்ளை வாங்கிய பரிசுக் கோப்பைபோல ஏந்தி வீட்டுக்கு வந்தார். கடையில் விற்கும் புது நைலான் கொக்கிகூட இவ்வளவு தாங்காதாம்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "தினம் ஒரு தடவை துவைச்சா, அது எத்தனை வருஷத்துக்கு வந்திருக்கும்?"

"நூத்திப் பன்னெண்டு வருஷம்" என்றார், நெஞ்சு விம்ம.

அக்கா அவர் கையில் பக்கெட்டைக் கொடுத்தாள். எட்டாவது கொக்கி வரும்வரை துவைப்பது அவர் பொறுப்பு. அந்த ஏழாவது கொக்கியின் புண்ணியத்தில் அவருக்கு மூன்றாண்டு வேலை நீட்டிப்பு கிடைத்தது. கடிதம் வந்தபோது இரு கையும் சோப்பு நுரையில் இருந்ததால், அக்காதான் பிரித்துப் படித்தாள்.

சிரிக்கிறீர்கள். ஒழுங்காக ஓடும் மின்விசிறியை "லேசா ஒரு சத்தம் வருது" என்று கழற்றிப் போட்டது யார்? சொட்டாத குழாயை இன்னும் அரைச் சுற்று முறுக்கியது யார்? இதோ, இப்போதும் வீட்டில் நன்றாக வேலை செய்யும் ஏதோ ஒன்றின்மேல் உங்கள் கண் போகிறது.

கையை எடுங்கள். உங்கள் வீட்டிலும் பக்கெட் இருக்கிறது.