ஒருத்தர் இருக்காங்க

"ஒருத்தர் இருக்காங்க," என்றான் மகன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்பா, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டிருந்தார், பள்ளியில் யாரையாவது பிடித்திருக்கிறதா என்று. பதினேழு வயசுப் பையன் 'ஒருத்தி இருக்கா' என்று வழிந்திருந்தால் காதைத் திருகிவிட்டு அடுத்த வாய் சாப்பிட்டிருப்பார். இவனோ 'ஒருத்தர்' என்கிறான். 'இருக்காங்க' என்கிறான். கூடப் படிக்கிறவளுக்கு எந்தப் பையன் இவ்வளவு மரியாதை கொடுப்பான்?

"அவங்க எப்படி?" என்று மெதுவாகத் தூண்டில் போட்டார்.

"நல்லவங்க."

அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

மகனுக்குப் பிடித்தது ஓர் ஆணாக இருக்குமோ என்ற சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. சொந்தக்காரர்கள் யாராவது வந்து 'உனக்கு எப்படிப்பட்ட பொண்ணு பாக்கலாம்?' என்று சீண்டினால் பையன் முகம் செத்துப்போகும். அவன் யாரை விரும்பினால் என்ன, அவர் பெற்ற பிள்ளை இல்லையென்று ஆகிவிடுமா? அவர் பயமே வேறு. தாயில்லாப் பிள்ளை, இதை மனசுக்குள் பூட்டிவைத்துத் தனியாகப் புழுங்குகிறானே, அப்பாவிடம் சொன்னால் வெறுத்துவிடுவார் என்று நினைக்கிறானோ?

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் மனுஷன் கடையில் நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றி "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஊரையே கேட்பாரே தவிர, சொந்த வீட்டில் வாய் வராது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலையில் மகன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குளியலறை வாசலில் போய் நின்றார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காங்கடா. ஆம்பளைதான். அவருக்குப் பிடிச்சதும் ஒரு ஆம்பளையத்தான். அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா பாவம், இதுவரைக்கும் வீட்ல சொல்ல முடியாம தவிக்கிறாரு."

தேய்த்த கை நின்றது. "யாருப்பா அது?"

அடுத்த கேள்வி வரும் என்று அவர் யோசித்திருக்கவே இல்லை. வியர்த்துக் கொட்டியது. கடைப் பக்கம்தான், ரொம்ப வருஷப் பழக்கம் என்று எதையோ உளறினார். வாயில் நுரையோடு மகன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

அன்று முழுக்க அவன் அவர் கண்ணில் படாமலே நழுவினான். அவசரப்பட்டுப் பையனை மிரட்டிவிட்டோமோ என்று அவருக்குக் கை கால் ஓடவில்லை. சரி, சொல்லித்தான் புரியவில்லை, கண்ணால் பார்க்கட்டும் என்று அடுத்த யோசனைக்குத் தாவினார். கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற லென்ஸ்காரர் கல்யாணமே செய்துகொள்ளாதவர்; சீட்டியடித்தபடி வேலை பார்ப்பவர். ஊர் சொல்கிறபடி வாழாவிட்டாலும் மனுஷன் சந்தோஷமாக இருக்கலாம் என்பதற்கு நடமாடும் சாட்சி. அவரை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

லென்ஸ்காரர் புதுச் சட்டையில் வந்தார். கடைக்காரர் வஞ்சனையில்லாமல் புகழ்ந்தார். "இவரு இல்லன்னா நான் இல்லடா," என்றுகூடச் சொல்லிவைத்தார். சம்பளம் ஏறப்போகிறது என்று நினைத்த லென்ஸ்காரருக்கு வெட்கத்தில் காது வரை சிவந்தது. மகன் இவரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். கடைசி மீன் துண்டை எடுத்து லென்ஸ்காரர் தட்டில் வைத்தான்.

"நான் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறேன். வர நேரமாகும், நீங்க பேசிட்டு இருங்க மாமா," என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

கடைக்காரர் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பிள்ளை வீட்டை விட்டே ஓடுகிறான். போதும் இந்தச் சுற்றுவழி, நாளைக்கு நேராகவே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

மறுநாள் கடையின் உள்ளறையில் ஒரு அம்மாளுக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தபோது வெளியே மகனின் குரல் கேட்டது. சோதனைக் கண்ணாடியை அந்த அம்மாள் மூக்கிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். மகன் அதற்குள் தெருவைத் தாண்டியிருந்தான். மெஷினை நிறுத்திவிட்டு, பாதி தேய்த்த லென்ஸோடு லென்ஸ்காரர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான்?"

"சம்பள விஷயமாத்தான் இருக்கும்னு நினைச்சேன் முதலாளி. அவன் என்னடான்னா என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'எங்கப்பாவ நல்லாப் பாத்துக்குங்க மாமா, எனக்குக் கோபமே இல்லன்னு அவர்கிட்ட சொல்லுங்க, நானும் அவர மாதிரிதான்'னு அழுதுட்டுப் போறான்."